மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு: பூச்சியைக் கொல்லும் நூற்புழு நம்ம வெயிலுக்குத் தாங்குமா?

மானூர் புஞ்சை:

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மானூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம் போடுகிறவன் நான். இந்தப் புரட்டாசி கடைசியில் ஊன்றலாம் என்று இருக்கிறேன். போன பட்டத்தில் அமெரிக்கன் படைப்புழு பாடாய்ப் படுத்திவிட்டது. எமாமெக்டின் அடித்ததில் சின்னப் புழு செத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் வளர்ந்த புழுதான் தொல்லை. குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தையே மேலே குவித்து அடைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்கிறது, நாம் மேலிருந்து அடிக்கிற மருந்து அந்த எச்சத்தில் ஊறி நின்றுவிடுகிறது. குருத்தில் மணல் போட்டுப் பார்த்தோம், ரெண்டு ஏக்கருக்கும் அதைச் செய்து முடிக்க ஆள் கிடைக்கவில்லை.

இப்போது உரக்கடையில் ஒரு பாக்கெட் காட்டினார்கள். வெள்ளைப் பொடி. அதற்குள் நூற்புழு இருக்கிறதாம், தண்ணீரில் கரைத்து விட்டால் படைப்புழுவுக்குள் புகுந்து கொன்றுவிடுமாம். யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குச் சந்தேகம் வெயில்தான். நம்ம ஊர் வெயிலில் மனுசனே நிழல் தேடுகிறான், இந்த அரை மில்லிமீட்டர் பிராணி எப்படி நிற்கும்? அதோடு பக்கத்துத் தோட்டத்து மாமா வாழை வைத்திருக்கிறார். நூற்புழு என்ற பேரைக் கேட்டதும் "அதை என் வரப்புப் பக்கம் கொண்டுவந்திராதே" என்று சொல்லிவிட்டார். அவர் பயம் நியாயமா? பிசானப் பட்டத்து நெல்லுக்குப் போடலாமா என்று முக்கூடல்காரச் சித்தப்பா ஒருத்தரும் கேட்டிருக்கிறார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக் கரை:

தம்பி, வாழைக்காரர் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். நானும் சேரன்மகாதேவி பக்கம் வாழைதான், அதற்கு முன்னால் வேளாண்மை படித்தவன். வாழை வேரைக் குடைகிற நூற்புழு, கத்தரி வேரில் முடிச்சு போடுகிற நூற்புழு இரண்டுக்கும் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு, அதை வேரில் குத்தித்தான் சாறு உறிஞ்சும். நீங்கள் சொல்கிற வகைக்கு அந்த ஊசியே கிடையாது. அதற்குச் செடியில் வேலையே இல்லை, பூச்சி கிடைக்காவிட்டால் பட்டினியாகச் சாகும். ஆடு மாடு, மண்புழு, மனுசன் யாரையும் ஒன்றும் செய்யாது. மாமாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எங்கே போடணும், எங்கே போடக்கூடாது என்பது தானாக விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பாக்கெட்டில் வருவது அந்த நூற்புழுவின் மூன்றாம் பருவக் குஞ்சு. இந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு பூச்சி தேடும். புழுவின் வாய், ஆசனவாய், பக்கவாட்டில் இருக்கிற மூச்சுத்துளை வழியாக நுழையும். ஹெட்டரோராப்டிடிஸ் என்ற வகைக்கு ஒரு சின்னப் பல்லும் உண்டு, தோல் மெலிந்த இடத்தைக் கீறிக்கொண்டும் உள்ளே போய்விடும். உள்ளே போனதும் தன் குடலில் வைத்திருக்கிற பாக்டீரியாவைப் புழுவின் ரத்தத்தில் விடும். கொல்வது பெரும்பாலும் அந்த பாக்டீரியாதான், ரெண்டு நாளில் புழு செத்துவிடும். அப்புறம் செத்த உடம்புக்குள் பாக்டீரியா பெருக, நூற்புழு அதைத் தின்று ரெண்டு மூன்று தலைமுறை பெருகி, பத்துப் பதினைந்து நாளில் புதுக் குஞ்சுகளாக வெளியே வரும். ஒரு பெரிய மெழுகுப்பூச்சிப் புழுவில் இருந்து லட்சத்துக்கு மேல் வரும். ஹெட்டரோராப்டிடிஸ் கொன்ற புழு செங்கல் சிவப்பாக மாறும், நாறாது, அந்த பாக்டீரியா மற்ற கிருமிகளை அண்ட விடாது. நல்ல இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கலாக ஒளிரக்கூடச் செய்யும். ஸ்டெய்னர்நீமா என்ற இன்னொரு வகை கொன்றது பழுப்பாக இருக்கும்.

இனி வெயில். உங்கள் சந்தேகம் சரியானது. நேர் வெயில் பட்டால் நிமிசத்தில் முடிந்துவிடும், ஈரம் காய்ந்தாலும் முடிந்துவிடும், மண் சூடு 35 டிகிரிக்கு மேல் போனால் அநேக வகைகள் தடுமாறும். 1960களில் அமெரிக்காவில் இருந்து வந்த டிடி-136 என்கிற ஸ்டெய்னர்நீமாவை இந்தியாவில் நெல், கரும்புப் பூச்சிகளுக்குச் சோதித்தார்கள், வெளிநாட்டு வகைகள் நம்ம சூட்டுக்குப் பழகவில்லை என்பதுதான் அப்போதைய பெரிய குறை. பிறகு நம்ம கோயமுத்தூரிலேயே கரும்புக் குருத்துப் புழுவில் இருந்து ஒரு வகை கிடைத்தது, 1992ல் அதற்கு ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று பேர் வைத்தார்கள். வெயில் நாட்டுப் பிறப்பு, மற்றதைவிடச் சூடு தாங்கும். பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அதைப் பொடியாக்கும் முறையைக் கண்டுபிடித்துப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் பாக்கெட்டில் இண்டிகா என்று எழுதியிருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி மாசத்தைப் பொறுத்தது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற மேல்காற்று இருக்கிறதே, குற்றாலத்துக்குச் சாரல் கொடுத்துவிட்டு நமக்கு வெறும் வறட்சியைத்தான் கொண்டுவரும், அந்தக் காற்றில் இதைத் தெளித்தால் இலையில் படும்போதே காய்ந்துவிடும். நீங்கள் புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் குருத்துப் பருவம் ஐப்பசி மழையில் வருகிறது. இதைவிட நல்ல நேரம் கிடையாது. மக்காச்சோளக் குருத்து இயற்கையிலேயே தண்ணீர் பிடித்து வைக்கும், மழைத் துளியும் பனியும் வழிந்து உள்ளே தேங்கும், நூற்புழு நீந்த அந்த ஈரம் போதும். எச்சத்தில் ஊறி நிற்கிற மருந்து அங்கேயே நிற்கும், இது அந்த ஈர எச்சத்துக்குள் ஊர்ந்து புழு இருக்கிற இடத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் சொன்ன தொல்லைக்கு இது பொருத்தம் என்று நான் நினைப்பது அதனால்தான்.

கோவில்பட்டி கரிசல்:

மேலே சொன்னதெல்லாம் புத்தகத்தில் சரி. பாக்கெட்டுக்குள் உயிர் இருந்தால்தானே அண்ணாச்சி? எங்க ஊரில் ஒருத்தர் சித்திரை மாசத்தில் வெளியூரில் இருந்து பார்சலில் வரவழைத்தார். லாரியிலும் பார்சல் ஆபீசிலும் அது என்ன சூட்டில் கிடந்ததோ. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஆடாமல் அசையாமல் குச்சி குச்சியாகக் கிடக்கிறது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

செலவையும் பாருங்கள். எமாமெக்டின் லிட்டருக்கு 0.4 கிராம், 200 லிட்டருக்கு 80 கிராம், ஒரு ஏக்கர் முடிந்தது. இந்த நூற்புழு அந்த விலைக்கு வராது. 2018ல் கர்நாடகம் சிவமொக்காவில் முதலில் பிடிபட்டதில் இருந்து இந்தப் படைப்புழுவோடு மல்லுக்கட்டுகிறோம், அதில் நான் கற்றது இவ்வளவுதான்: கோடை உழவு ஆழமாகப் போட்டுக் கூட்டுப்புழுவை மேலே கொண்டுவந்து கொக்குக்கும் மைனாவுக்கும் கொடுக்கணும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடணும், உளுந்தை ஊடே போட்டு வரப்பில் தட்டைப்பயறு வைக்கணும், இனக்கவர்ச்சிப் பொறியில் அந்து விழ ஆரம்பித்ததும் முட்டைக் குவியலைத் தேடி நசுக்கணும். பதினைந்து இருபது நாள் பயிரிலேயே வேப்பெண்ணெய் மருந்தோ எமாமெக்டினோ அடித்துவிட்டால் அந்த "வளர்ந்த புழு" என்பதே பாதி இருக்காது. மானூர் தம்பி லேட்டாக அடித்திருப்பார் என்று தோன்றுகிறது.

அப்புறம் எங்க கரிசல் மண்ணில் மழை நின்ற மறுவாரமே வெடிப்பு விடும், இந்தப் பிராணி எங்கே ஊர்ந்து போகும்?

பொருநைக் கரை:

கரிசல் அண்ணாச்சி சொன்னதில் முக்கால்வாசிக்கு மறுபேச்சே இல்லை. நூற்புழு வந்துவிட்டது என்று கோடை உழவையும் புண்ணாக்கையும் விடக்கூடாது. மண்ணும் அப்படித்தான், களி அதிகமான கரிசலில் இது நகர்வது கஷ்டம், செவலிலும் மணற்பாங்கிலும் நன்றாக நகரும். மானூரில் ரெண்டும் இருக்கிறது, தம்பி நிலம் எது என்று சொல்லவில்லை. ஆனால் குருத்துக்குள் ஊற்றுகிறபோது மண் எதுவாக இருந்தால் என்ன?

உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வியே, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இதை மருந்து வாங்குவதாக நினைக்கக் கூடாது, மேலப்பாளையம் சந்தையில் ஆடு வாங்குகிற கணக்கு: பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் காசைக் கொடுப்போம். தயாரித்த தேதி, எத்தனை நாள் தாங்கும், பாக்கெட்டுக்கு எத்தனை கோடி உயிருள்ள குஞ்சு என்ற மூன்றும் அட்டையில் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். கடைக்காரர் அதை வெயில் படுகிற ரேக்கில் வைத்திருந்தாலும் வேண்டாம். வாங்கியதும் ஒரு சிட்டிகையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் விட்டு, ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் வைத்து 20 மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள், போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் இருந்தாலும் சரி. நெளிந்தால் உயிர். நேராக விறைத்துக் கிடந்தால் சூடான விரலைத் தட்டடியில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், ஸ்டெய்னர்நீமாவில் சில வகை சும்மாவே விறைத்துப் படுத்திருக்கும், அசைத்தால்தான் நெளியும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் வயலில் இருந்து நாலு படைப்புழுவைப் பிடித்து, அது ஒன்றையொன்று தின்கிற ஜாதி, அதனால் தனித்தனி டப்பாவில், ஈரத்தாள் விரித்து இந்தக் கரைசலை ரெண்டு சொட்டு விட்டு மூடிவைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் சிவந்து (ஸ்டெய்னர்நீமா என்றால் பழுப்பாகி) செத்துக் கிடந்தால் வயலுக்கு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் பாக்கெட்டைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெய்னர்நீமா கார்ப்போகாப்சே போன்றவை குளிரில் நன்றாகத் தூங்கும். இண்டிகா வெயில் நாட்டுக்காரன், கடுங்குளிரில் போட்டால் சீக்கிரம் செத்துவிடும். 15 டிகிரி அளவு போதும், வீட்டில் அதற்கு வழியில்லாவிட்டால் வாங்கின வாரத்திலேயே போட்டுவிடுவதுதான் நல்லது.

நெல்லுக்கு வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் கட்டி நிற்கிற பிசான வயலில் இதற்கு இடமில்லை. இலைச் சுருட்டுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவது எவ்வளவோ மேல், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் அவருக்குக் கூப்பிடு தூரம்தானே.

வள்ளியூர் விளை:

நான் கத்தரி. வள்ளியூருக்குக் கிழக்கே, ராதாபுரம் பக்கத்துச் செம்மணல். எங்களுக்குப் படைப்புழு பிரச்சினை இல்லை, சாம்பல் கூன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று செடியை வாடவைக்கும், இழுத்தால் கையோடு வரும். நூற்புழுவுக்கு அதுதான் சரியான வேலை. புழு மண்ணுக்குள் இருக்கிறது, மண் மணல், சொட்டுநீரில் எப்போதும் ஈரம். நான் இண்டிகாவைச் சொட்டுநீர் வழியாகத்தான் விடுகிறேன், வாடல் குறைந்ததால் தொடர்ந்து வாங்குகிறேன். மேலே காய் துளைப்பானுக்கு இதை நம்பவே கூடாது, அது காய்க்குள் உட்கார்ந்திருக்கிறது, வெளியே வெறும் வெயில்.

சொட்டுநீரில் விடுகிறவர்கள் ஃபில்டரைக் கழற்றாமல் விட்டால் மொத்தமும் வலையில் மாட்டிக்கொள்ளும். கைத்தெளிப்பானிலும் அதே கதைதான், நாசில் உள்ளே ஒரு பொடி வலை இருக்கும், 50 மெஷ்ஷைவிடச் சன்னமாக இருந்தால் எடுத்துவிடுங்கள். டேங்கைக் கலக்கிக்கொண்டே இருக்கணும், இல்லாவிட்டால் அடியில் படிந்து காற்றில்லாமல் செத்துப்போகும். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீரைப் பிடித்துக் கலக்காதீர்கள், கிணற்றுத் தண்ணீரை அப்போதே இறைத்துக் கலக்குங்கள். களைக்கொல்லி அடித்த டேங்க் என்றால் நன்றாகக் கழுவி வேறெதற்காவது வைத்துக்கொண்டு இதற்கு ஒரு டேங்கைத் தனியாக வைப்பது உத்தமம்.

நிலக்கடலைக்காரர்களுக்கு வெள்ளை வேர்ப்புழுவுக்கும், நாற்றங்காலில் ராத்திரி வந்து கழுத்தை அறுக்கிற வெட்டுப்புழுவுக்கும் இது நன்றாகவே கேட்கும்.

ஆலங்குளம் மல்பெரி:

ஒரு நிமிசம். எங்க பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு இருக்கிறது. மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் மக்காச்சோளக்காரர் இதை அடித்தால் எங்க புழு என்ன ஆகும்? யாரும் இதைப் பேசவே இல்லையே.

பொருநைக் கரை:

நல்ல கேள்வி. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுதான், நூற்புழு பட்டால் சாகும், ஆய்வகத்தில் பார்த்ததுதான். ஆனால் இது காற்றில் பறந்து வராது. ரசாயன மருந்தின் சாரல் ரெண்டு வயல் தாண்டி இலையில் ஒட்டிக் காய்ந்தாலும் விஷமாக நிற்கும், இது காய்ந்தால் பிணம். ஆபத்து வருமென்றால் கை, வாளி, டேங்க் வழியாகத்தான் வரும். நூற்புழு கலக்கிய வாளியைப் புழுக்குடிலுக்குள் கொண்டுபோகாதீர்கள், அதே நாளில் மல்பெரி இலை பறிக்காதீர்கள், மக்காச்சோளக்காரர் குருத்தில் ஊற்றுகிறவராக இருந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை.

மானூர் புஞ்சை:

ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. என் நிலம் செவல், மேற்கு ஓரம் மட்டும் கொஞ்சம் கரிசல் கலந்தது. கரிசல் அண்ணாச்சி சொன்னது சரி, அடித்தது முப்பது நாள் பயிரில்தான், ஆள் கிடைத்த நாள்தான் மருந்தடிக்கிற நாள் என்றாகிவிட்டது.

அளவு எப்படி? பாக்கெட்டில் ஏக்கருக்கு இவ்வளவு கிலோ என்று மட்டும் இருக்கிறது. பஞ்சகவ்யாவோடு சேர்த்து ஊற்றலாமா? நாமே இதை வளர்க்க முடியும் என்று ஒருத்தர் சொல்கிறாரே, உண்மையா?

பொருநைக் கரை:

மண்ணில் விடுவதற்கு உலகம் பூராவும் சொல்கிற பொது அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 குஞ்சு, ஹெக்டேருக்கு 250 கோடி, நம்ம கணக்கில் ஏக்கருக்கு 100 கோடி. கோடி என்றதும் மலைக்க வேண்டாம், அதில் பெரும்பாலானது புழுவைப் பார்க்காமலே செத்துப்போகும், அதனால்தான் அவ்வளவு. பாக்கெட்டில் கிலோ மட்டும் போட்டு எண்ணிக்கை போடாதவர்களை நான் நம்புவதில்லை.

குருத்துக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. 60க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி வரும். செடிக்கு 5 மில்லி என்றால் 135 லிட்டர், அதையும் எல்லாச் செடிக்கும் ஊற்றப்போவதில்லை, குருத்தில் புது எச்சம் தெரிகிற செடிக்கு மட்டும்தான். நாசிலின் முனையைக் கழற்றிவிட்டு, லேசாக அழுத்திக் குருத்து நிரம்புகிற அளவு விட்டால் போதும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். மழை தூறிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, கொட்டுகிற மழையென்றால் கழுவிக்கொண்டு போய்விடும், அன்றைக்கு வேண்டாம். ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் இதே படைப்புழுவுக்கு இதே குருத்து முறையைச் சோதித்தபோது, தண்ணீருக்குப் பதில் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் என்கிற கூழில் நூற்புழுவைக் கலந்து வைத்தார்கள். ஐஸ்கிரீமில் கெட்டியாவதற்குப் போடுகிற பொருள்தான் அது. கூழ் சீக்கிரம் காயாது, வெயிலையும் கொஞ்சம் மறைக்கும், படைப்புழுச் சேதம் நன்றாகவே குறைந்தது. நம்ம ஊர் ஐப்பசிக்குக் கூழ் அவ்வளவு அவசியம் இல்லை, தை மாசத்துக்கு மேல் போடுகிறவர்கள்தான் யோசிக்கணும்.

பஞ்சகவ்யா கூடாது. நொதித்துக்கொண்டிருக்கிற கரைசலில் ஆக்சிஜன் குறைவு, இதுவோ மூச்சு விடுகிற பிராணி. பஞ்சகவ்யாவை வேறொரு நாள் தெளித்துக்கொள்ளுங்கள். குருணை மருந்து போட்ட மண்ணிலும் விடாதீர்கள், அதில் பல மருந்து நூற்புழுவையும் கொல்வதற்காகவே செய்தது.

இன்னொன்று: படைப்புழு வளர்ந்து முடிந்ததும் குருத்தைவிட்டு இறங்கி மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கூடு கட்டும். கூட்டுப்புழு ஆனபிறகு தோல் தடித்துவிடும், நூற்புழுவுக்கு அது சுலபமான இரை இல்லை, இறங்குகிற நேரத்துப் புழு சுலபம். அதனால் குருத்தில் ஊற்றும்போது செடியடியிலும் கொஞ்சம் வழிந்தால் வீண் என்று நினைக்காதீர்கள்.

பணகுடித் தேனீ:

வளர்க்கிற விசயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் நூற்புழுவுக்குத் தீவனமான மெழுகுப்பூச்சி எங்களுக்கு ஜென்ம விரோதி. தேன்கூட்டில் ஆள் குறைந்தால் போதும், மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, புழு அடையைத் துளைத்து வலை பின்னி நாசமாக்கிவிடும். மார்த்தாண்டம் பக்கம் தேன் பெட்டிக்காரர்களைக் கேட்டால் வைத்த பழைய அடையில் புழு வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடை இல்லாவிட்டால் கோதுமைத் தவிடு, சோள மாவு, பால்பொடி, ஈஸ்ட் இவற்றைத் தேனிலும் கிளிசரினிலும் பிசைந்து கொடுத்தாலும் வளரும். டப்பா மூடி கம்பி வலையாக இருக்கட்டும், பிளாஸ்டிக்கையும் மரத்தையும் துளைத்து வெளியே வந்துவிடும். என் தேன்பெட்டி இருக்கிற பக்கமாக வளர்த்தால் நானே வந்து சண்டை போடுவேன்.

நன்றாகக் கொழுத்த புழுவை ஈரத்தாள் விரித்த தட்டில் போட்டு நூற்புழுக் கரைசல் தெளித்து மூடிவையுங்கள். செத்துச் சிவந்ததும் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்தாள் போட்டு, செத்த புழுக்களை அடுக்கி, மொத்தத்தையும் தண்ணீர் ஊற்றின பெரிய தட்டுக்குள் வையுங்கள். தாளின் ஓரம் தண்ணீரைத் தொடணும். பத்து நாள் போல ஆனதும் குஞ்சுகள் வெளியேறித் தண்ணீரில் இறங்கும், தண்ணீர் பால் கலங்கின நிறமாகும். அதை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைக்கணும், பாட்டிலில் நிரப்பி மூடினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கறுத்து நாற்றம் அடிக்கிற புழு இருந்தால் அதை உடனே எடுத்து எறியுங்கள், அது வேறு கிருமி.

கரைசலே எடுக்காமல் செத்த புழுவையே செடியடியில் புதைத்துவிடுகிற முறையும் இருக்கிறது, இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களில் வேர்ப்புழுவுக்கு அப்படிச் செய்கிறார்கள். வாழைக்காரர்களும் செய்து பார்க்கலாம்.

வீட்டிலேயே வளர்க்கிறவர்கள் விதைக்குக் கடைப் பாக்கெட்டை மட்டும் நம்பவேண்டியதில்லை. நம்ம மண்ணிலேயே இது இருக்கிறது. டப்பாவில் ஈர மண்ணைப் போட்டு நாலைந்து மெழுகுப்பூச்சிப் புழுவை உள்ளே விட்டுக் கவிழ்த்துவைத்தால், மண்ணில் நூற்புழு இருந்தால் ஒரு வாரத்துக்குள் புழு சிவந்தோ பழுப்பாகியோ சாகும். 1975ல் இந்த முறையை ஆஸ்திரேலியாவில் எழுதிவைத்தார்கள், இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கடலோர மணலில் ஹெட்டரோராப்டிடிஸ் அதிகம் கிடைப்பதைப் பல நாட்டில் பார்த்திருக்கிறார்கள். உவரிக்குப் போகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வரும்போது தென்னை மரத்தடியில் ஒரு பை மண் அள்ளிக்கொண்டு வாருங்கள்.

கோவில்பட்டி கரிசல்:

தேனீ அண்ணாச்சி சொல்கிறது ஒரு ஆராய்ச்சிச் சாலைக்கு ஆகிற வேலை. ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? மாட்டுக்குத் தண்ணி காட்டுவானா, புழுவுக்குக் கிளிசரின் பிசைவானா? குழுவாகச் சேர்ந்து ஒருத்தர் வளர்த்து பத்துப் பேர் பகிர்ந்தால் ஒருவேளை ஓடும்.

ஆனால் குருத்தில் எச்சம் இருக்கிற செடிக்கு மட்டும் ஊற்றுகிற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் செலவு எமாமெக்டினுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தம்பி, முதல் இருபது நாளுக்குள் வேப்பெண்ணெய் மருந்தைக் கண்டிப்பாக அடித்துவிட்டு, அதில் தப்பிக் குருத்துக்குள் போனதற்கு மட்டும் இதை வையுங்கள். எல்லாவற்றுக்கும் இதையே நம்பி உட்காராதீர்கள்.

மானூர் புஞ்சை:

அப்படியே செய்கிறேன் அண்ணாச்சி. வேப்பெண்ணெய் முதலில், நூற்புழு குருத்துக்கு. பாக்கெட்டை இப்போது வாங்கவில்லை, ஊன்றி இருபத்தைந்து நாள் ஆனபிறகு புதுச் சரக்கு வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை செய்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? போன தடவை மருந்தடித்த பிறகும் இலையெல்லாம் ஓட்டையாகத்தான் இருந்தது, புழு செத்ததா என்றே தெரியவில்லை.

பொருநைக் கரை:

ஏற்கெனவே குருத்துக்குள் கடிபட்ட இலை, புழு செத்தபிறகும் ஓட்டையோடுதான் விரிந்து வரும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரமாக ரெண்டு சால் ஒன்றுமே ஊற்றாமல் விட்டுவையுங்கள். மூன்றாம் நாள் காலையில் ஊற்றின பக்கத்திலும் ஊற்றாத சாலிலும் சில குருத்தைப் பிரித்து உள்ளே சிவந்த புழு இருக்கிறதா, பச்சை ஈரத்தோடு புது எச்சம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எச்சம் காய்ந்து வைக்கோல் நிறமாக இருக்கும். ஊற்றின பக்கத்தில் இன்னும் ஈர எச்சம் தெரிந்தால் அந்தச் செடிகளுக்கு மட்டும் வாரம் கழித்து இன்னொரு தடவை ஊற்றுங்கள், அதற்குமேல் கதிர் எடுக்கிற பருவம் வந்துவிடும், குருத்தும் இருக்காது.